மணலில் நிற்கிற வண்டி தார் வீதியில் ஏன் கவிழ்கிறது? (நிலாவெளிப் பக்கம் ஓடும் ஏ.டி.வி., லாண்ட்மாஸ்டர் பற்றி)

அலையோரம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நான் நிலாவெளிப் பக்கம். மூன்று கிழமைக்கு முன்பு எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு விபத்தைப் பற்றி எழுதுகிறேன். அதில் ஒரு விஷயம் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அக்காவின் மகனுக்கு 16 வயது. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்தவன், கடற்கரையோரம் ஒரு விடுதியில் உதவி வேலைக்குப் போனான். வெளிநாட்டுக்காரர் மணலில் ஓட்டிப் பார்க்க அங்கே இரண்டு ஏ.டி.வி. வைத்திருக்கிறார்கள். கொழுத்த நான்கு சில்லு, மோட்டார் சைக்கிள் மாதிரி ஹாண்டில், நீளமான சீட். அன்று பின்னேரம் ஐந்தரை மணி போல ஒன்றுக்குப் பெற்றோல் அடித்துவரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கூட வேலை செய்யும் இன்னொரு பெடியனும் பின்னால் ஏறிக்கொண்டான். இரண்டு பேருக்கும் ஹெல்மெட் இல்லை. புல்மோட்டை வீதியில் பெற்றோல் செட்டுக்குப் போய் அடித்துக்கொண்டு திரும்பி, ஒழுங்கைக்குள் இடப்பக்கம் திருப்பும்போது வண்டி வலப்பக்கம் சரிந்து மருமகனின் மேலேயே விழுந்துவிட்டது. காரை எலும்பு உடைந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். பின்னால் இருந்தவன் தூக்கி எறியப்பட்டதால் உராய்வுக் காயத்தோடு தப்பினான்.

பார்த்தவர்கள் எல்லாம் "பெடியன்கள் பறந்திருப்பான்கள்" என்கிறார்கள். ஆனால் இரண்டு பேரும் தனித்தனியே கேட்டபோது ஒரே பதில்தான் சொன்னார்கள்: முப்பதுக்கு மேல் போகவில்லை. மூலையில் இருக்கும் கடைக்கார ஐயாவும் மெதுவாகத்தான் வந்தார்கள் என்றார். நான் போய் இடத்தைப் பார்த்தேன். டயர் இழுபட்ட அடையாளம் இல்லை, குழி இல்லை, மாடு குறுக்கே வரவில்லை.

இதே வண்டியை நான் மணல் மேட்டில் ஏற்றி இறக்கியிருக்கிறேன். ஒரு நாளும் சில்லு தூக்கியதில்லை. அப்படியானால் தட்டையான கார்பட் வீதியில் 30 வேகத்தில் எப்படிக் கவிழ்ந்தது?

---

சில்லுக்கடை

தம்பி, மருமகன் கெதியாகச் சுகமாக வேண்டும். நான் உப்புவெளியில் 20 வருடத்துக்கு மேல் வாகனம் திருத்துகிறேன். உங்கள் கேள்விக்குப் பதில் வண்டியின் பின் அச்சில்தான் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சு அசையாமல் நிற்கும், இரண்டு சில்லும் தனித்தனியே சுழலும். வளைவில் திருப்பினால் வெளிப்பக்கச் சில்லு கூடத் தூரம் ஓடும், உள்பக்கச் சில்லு குறைவாக ஓடும். அதற்கு ஒன்றும் ஆகாது. கார், வேன், ஓட்டோ எல்லாவற்றிலும் எஞ்சின் சில்லைச் சுழற்றுவதால் இடையில் ஒரு டிஃபரன்ஷியல் வைத்து இதே வேலையைச் செய்ய வைக்கிறார்கள். நாங்கள் சின்னதாக நினைக்கும் ஓட்டோவுக்கும் பின்னால் டிஃபரன்ஷியல் இருக்கிறது.

அநேகமான ஏ.டி.வி.களில் பின்பக்கம் அது கிடையாது. ஒரே இரும்புத் தண்டு, இரண்டு பக்கமும் சில்லு இறுக்கிப் பூட்டியிருக்கும். இரண்டும் எப்போதும் ஒரே அளவுதான் சுழலும். வேண்டுமென்றே அப்படிச் செய்தது. மணலிலும் சேற்றிலும் ஒரு சில்லு புதைந்து சும்மா சுற்றினாலும் மற்றது தள்ளிக்கொண்டு போக வேண்டும் அல்லவா? வளைவில் ஒரு சில்லு கொஞ்சம் சறுக்க வேண்டும், மணல் அதற்கு இடம் கொடுக்கும். தார் இடம் கொடுக்காது. டயர் தாரைப் பிடித்துக்கொள்ளும். ஹாண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேரே போகப் பார்க்கும். அப்போது ஓட்டுகிறவர் இன்னும் கூட முறிப்பார். முன் டயர் திடீரென்று பிடித்தால் வண்டி படாரென்று திரும்பும். உடம்பும் வண்டியின் மேற்பாகமும் வெளிப்பக்கம் எறியப்படும். உள்பக்கச் சில்லு இரண்டும் கிளம்பும். அவ்வளவுதான், முடிந்தது. உங்கள் மருமகன் இடப்பக்கம் திருப்பினான், வண்டி வலப்பக்கம் விழுந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்குச் சரியாக வருகிறது.

இரண்டாவது டயர். காருக்கு 30 பிஎஸ்ஐ அளவில் காற்று அடிக்கிறோம். ஏ.டி.வி. டயருக்கு 10க்குக் கீழே, பலவற்றுக்கு 3 முதல் 7 வரைதான். மணலில் பரந்து படுத்து மிதக்க வேண்டும் என்பதற்காக. அந்த மென்மையான டயரின் பக்கச் சுவர் தாரில் வளையும்போது மடியும். வண்டி ஒரு பக்கம் இருந்து எழும்புவது போல ஆடும். "காற்றுக் குறைவாக இருக்கிறது" என்று 25 அடித்து அனுப்புகிற கடைகளையும் பார்த்திருக்கிறேன். அப்போது டயர் பந்து மாதிரி துள்ளும். அதுவும் ஆபத்து.

மூன்றாவது, அந்த நீளமான சீட். அது இரண்டு பேருக்கு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது ஓட்டுகிறவர் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்ந்து, தன் பாரத்தை வளைவின் உள்பக்கம் கொண்டுபோவதற்கு விட்ட இடம். இரண்டு பேருக்கென்றே செய்த நீளமான மொடல்கள் வேறு. மற்றவற்றில் "ஆள் ஏற்றக் கூடாது, தார் வீதியில் ஓட்டக் கூடாது" என்று மட்கார்டிலோ டாங்கியிலோ ஒட்டியிருப்பார்கள். பின்னால் ஒருவன் குந்தினால் முன்னால் இருப்பவனுக்கு நகர இடமில்லை. பாரமும் உயரத்தில், அதுவும் பின்னால் போய்விடும். அகலம் குறைந்த, உயரம் கூடிய வண்டிக்கு அது போதும்.

நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு நாள் வண்டியைக் கொண்டுவாருங்கள். பின்பக்கம் ஜக்கி வைத்துத் தூக்கிக் காட்டுகிறேன்.

---

கடற்கரைப் பயணம்

சில்லுக்கடை அண்ணை சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த இழையைப் படித்துவிட்டு யாராவது "ஏ.டி.வி.யை நிறுத்து" என்று கிளம்பினால் என்னைப் போன்றவர்களின் கதி என்ன என்பதையும் யோசியுங்கள்.

நானும் வண்டி வாடகைக்கு விடுகிறேன். இந்தக் கடலில் எங்களுக்குச் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. மாரி தொடங்கினால் கடற்கரையில் காகம்தான். அந்த ஐந்து மாதத்தில் சம்பாதிப்பதை வைத்து மற்ற மாதங்களைத் தள்ள வேண்டும். நான் வண்டி வாங்கியது 2019இல், கடன் எடுத்து. ஏப்ரலில் குண்டு வெடித்தது, அடுத்த வருடம் கொரோனா, 2022இல் பெற்றோலே இல்லை. இப்போதுதான் மூச்சு விடுகிறேன்.

என் இடத்திலிருந்து கடற்கரைப் பாதைக்குப் போக வீதியில் 600 மீற்றர் அளவு ஓட வேண்டும். நான்கு சீசனாக அப்படித்தான் ஓடுகிறேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒழுங்காகப் பழகியவர் ஓட்டினால் பிரச்சினை இல்லை என்பதுதான் என் அனுபவம்.

---

வெள்ளைச் சீருடை

நான் தாதியாக வேலை செய்கிறேன். எந்த இடம் என்பது வேண்டாம். கடற்கரைப் பயணம் தம்பி, உங்கள் வருமானக் கவலை எனக்கு விளங்குகிறது. என் தம்பியும் படகு ஓட்டிப் பிழைப்பவன்தான். ஆனாலும் வார்டில் பார்ப்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மோட்டார் சைக்கிளில் விழுகிறவர் பெரும்பாலும் வண்டியை விட்டுப் பிரிந்து எங்கேயோ விழுவார். ஏ.டி.வி. அப்படி விடாது. வளர்ந்தவர் ஓட்டுகிற வண்டி ஒன்று 250 முதல் 350 கிலோ வரை இருக்கும். அது ஆளோடு சேர்ந்து உருளும், அல்லது ஆளின் மேல் வந்து நிற்கும். நெஞ்சின் மேல் நின்றால் எலும்பு ஒன்றும் முறியாமலே மூச்சு நின்றுவிடும். நெஞ்சு விரிந்தால்தானே காற்று உள்ளே போகும்? அதை விரியவிடாமல் பாரம் அமத்திக்கொண்டிருந்தால் சில நிமிடம்தான். ஆள் இல்லாத ஒழுங்கையிலோ வயலோரத்திலோ தனியாகப் போனவருக்கு இப்படி நடந்தால் கத்தக்கூட முடியாது. அலையோரம் தம்பி, உங்கள் மருமகனின் காலில் விழுந்தது. ஒரு முழம் மேலே விழுந்திருந்தால் நாங்கள் வேறு கதை கதைத்துக்கொண்டிருப்போம்.

இப்படி ஒன்றைக் கண்டால் முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ பாரம் இருந்தால் நாலு பேர் சேர்ந்து வண்டியைத் தூக்கி எடுங்கள். ஆளைப் பிடித்து இழுக்காதீர்கள். 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள், காசு இல்லை, தமிழில் கதைக்கலாம். ஓட்டோவில் மடித்துப் போட்டுக்கொண்டு ஓடுவதால் கழுத்தும் முதுகும் கெட்டுப்போய் வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. அம்புலன்ஸ் வரும் வரை தலையை அசையாமல் ஒருவர் இரண்டு கையாலும் பிடித்திருந்தால் போதும். இரத்தம் ஓடுகிற இடத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். தண்ணீர் பருக்க வேண்டாம்.

---

மெல்பேர்ன் திருமலை

பிறந்தது பாலையூற்று, இப்போது அவுஸ்திரேலியாவில் 14 வருடம். வந்த புதிதில் ஒரு பண்ணையில் வேலை செய்தேன். அங்கே மாடு சாய்க்கவும் வேலி பார்க்கவும் எல்லாவற்றுக்கும் இந்த வண்டிதான், "குவாட்" என்பார்கள்.

இந்த நாட்டில் பண்ணைகளில் ஆட்களைக் கொல்லும் முதன்மையான காரணங்களில் அது ஒன்று. பல வருடம் வாதாடி 2019இல் தனியாக ஒரு பாதுகாப்புச் சட்டவிதி கொண்டுவந்தார்கள். 2021 ஒக்டோபர் 11இலிருந்து பண்ணை வேலைக்கு விற்கிற புதிய வண்டி ஒவ்வொன்றிலும் பின்னால் வளைந்த பாதுகாப்புச் சட்டகம் பூட்டியிருக்க வேண்டும். வண்டி உருண்டாலும் ஆளுக்கும் நிலத்துக்கும் இடையில் ஒரு இடைவெளி விடுவதற்காக. அதோடு மேசையில் வைத்துச் சரித்துப் பார்ப்பார்கள். பக்கவாட்டில் ஏறக்குறைய 29 பாகை வரை சரித்தாலும் கவிழாமல் நிற்க வேண்டும். பெரிய கம்பனிகள் சில இதற்கு உடன்படாமல் இங்கே விற்பதையே நிறுத்திவிட்டுப் போயின. அரசு அசையவில்லை.

அமெரிக்காவில் இதற்கு முன்பே மூன்று சில்லு வண்டி இருந்தது. 1970இல் வந்தது. கவிழ்ந்து கவிழ்ந்து ஆட்களும் பிள்ளைகளும் செத்த பிறகு, 1988இல் அரசோடு ஒப்பந்தம் போட்டுக் கம்பனிகள் அதை விற்பதை நிறுத்தின. இன்றும் அங்கே இந்த வகை வண்டிகளால் வருடத்துக்குச் சராசரி 700 பேருக்கு மேல் சாகிறார்கள், ஒரு இலட்சம் பேர் அளவில் அவசர சிகிச்சைக்குப் போகிறார்கள். இந்த இழைக்குத் தேவையான விஷயம் இதுதான்: காட்டுக்கும் மணலுக்கும் என்று செய்த ஏ.டி.வி.யில் நடக்கும் மரணங்களில் பாதிக்கும் மேல் அங்கே பொது வீதிகளில் நடக்கின்றன.

நானும் "600 மீற்றர்தானே" என்று நினைத்தவன். பண்ணையின் இரண்டு வளவுக்கும் நடுவே இருந்த வீதியைக் கடக்கும்போது ஒரு முறை பின்சில்லு கிளம்பியது. அன்றிலிருந்து வீதியில் ஏற்றவில்லை.

---

தம்பலகாமம் வயற்காரன்

எல்லோரும் ஏ.டி.வி.யைப் பற்றிக் கதைக்கிறீர்கள். கடற்கரைப் பக்கம் அது இருக்கலாம். எங்கள் பக்கம் வயலுக்கென்று செய்து வீதியில் ஓடுகிற வண்டி லாண்ட்மாஸ்டர், அதாவது பின்னால் பாரப் பெட்டி பூட்டி ஓட்டுகிற இரண்டு சில்லுக் கை உழவு மெசின். சில்லுக்கடை அண்ணை சொன்ன அதே சங்கதிதான், வேறு உருவத்தில்.

என் மச்சான் இரண்டு வருடத்துக்கு முன் பெரும்போக வெட்டு நேரம், இரவு எட்டு மணிக்கு மோட்டார் சைக்கிளில் கந்தளாய்ப் பக்கமிருந்து வந்தவன். முன்னால் வைக்கோல் ஏற்றிய லாண்ட்மாஸ்டர் பெட்டி. பின்லைட் இல்லை, ரிஃப்ளெக்டர் இல்லை. வைக்கோல் பெட்டியை மூடிப் பிதுங்கி நின்றது, இரவில் அதற்கு நிறமே இல்லை. எதிரே வந்த லொறியின் வெளிச்சம் கண்ணில் அடித்தது. அடித்து முடிய, பெட்டி இரண்டு பாகம் தூரத்தில். உயிர் இருக்கிறது. இடது கண் இல்லை.

பிறகு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மோட்டார் சைக்கிள் 60இல் வருகிறது. லாண்ட்மாஸ்டர் 15இல் போகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் 45. அதாவது ஒரு செக்கனுக்குப் பன்னிரண்டரை மீற்றர் நெருங்குகிறது. 40 மீற்றர் தூரத்தில் கண்டால் கையில் இருப்பது மூன்று செக்கன்தான். கண்டு, என்னவென்று விளங்கி, பிரேக்கில் கால் வைக்கவே ஒன்று, ஒன்றரை செக்கன் போய்விடும். வெளிச்சம் கண்ணில் அடித்த நேரத்தையும் கழித்தால் ஒன்றும் மிஞ்சாது. லாண்ட்மாஸ்டர்காரரைக் கேட்டால் "நான் ஓரமாக மெதுவாகத்தான் போனேன்" என்பார். மெதுவாகப் போனதுதான் அங்கே ஆபத்து. இதை அவருக்கு விளங்கப்படுத்துவது பெரிய பாடு.

இன்னொன்று. லாண்ட்மாஸ்டர் ஓட்டப் பழகுகிற பெடியன்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காத ஒன்று இருக்கிறது. ஹாண்டிலில் இருக்கும் இடது பிடியை அமத்தினால் அந்தப் பக்கச் சில்லு எஞ்சினிலிருந்து விடுபட்டு வண்டி இடப்பக்கம் திரும்பும், வலதை அமத்தினால் வலப்பக்கம். சரி. அது எஞ்சின் இழுக்கும்போது. மதகிலோ வாய்க்கால் கட்டிலோ இறங்கும்போது பெட்டி பின்னாலிருந்து தள்ளும், எஞ்சின் இழுப்பதை விட்டுப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். அந்த நேரம் இடது பிடியை அமத்தினால் வண்டி வலப்பக்கம் போகும். எல்லாம் தலைகீழ். வயதானவர்கள் இதைக் கையால் அறிந்து வைத்திருக்கிறார்கள், பிடியைத் தொடாமல் ஹாண்டிலை உடம்பால் தள்ளி இறக்குவார்கள். புதியவன் பயத்தில் இன்னும் இறுக்கி அமத்துவான். எங்கள் வாய்க்காலுக்குள் ஒரு நெல் பெட்டி இறங்கியது அப்படித்தான். அன்று பெட்டியில் நான்கு பெண்கள் இருந்தார்கள். தண்ணீர் குறைவு, தப்பினார்கள்.

---

கிண்ணியா பாலத்தடி

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். வயற்காரன் அண்ணன் எழுதியதை வாசித்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். மச்சானுக்கு அல்லாஹ் சுகத்தைக் கொடுக்கட்டும்.

நான் வாகனம் ஓட்டப் பழக்குகிறவன். லைசன் விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறேன். லாண்ட்மாஸ்டருக்கு என்று தனி வகுப்பு இருக்கிறது, ஜி1. பெரிய நான்கு சில்லு உழவு மெசினுக்கு ஜி. மோட்டார் சைக்கிள் லைசனை வைத்துக்கொண்டு பெட்டியோடு வீதியில் ஏறுவது லைசன் இல்லாமல் ஓட்டுவதற்குச் சமம். எங்கள் ஊரில் மணல் ஏற்றுகிற மெசின்களில் இருக்கும் பெடியன்கள் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் "வயலுக்குத்தானே போகிறோம்" என்பார்கள். வயலுக்குப் போகும் வழி பொது வீதி. 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வீதியைத்தான் பார்க்கிறது, நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பதைப் பார்க்காது.

ஏ.டி.வி.க்கும் அதேதான். இலக்கத் தகடு, வாகன வருமான அனுமதிப் பத்திரம், மூன்றாம் ஆளுக்கான காப்புறுதி. இந்த மூன்றும் இல்லாத மோட்டார் வண்டி பொது வீதியில் ஓடக் கூடாது. 16 வயதுப் பிள்ளைக்கு எந்த லைசனும் கிடையாது. அலையோரம் தம்பியின் மருமகன் குற்றம் செய்தான் என்று நான் சொல்ல வரவில்லை. சாவியைக் கொடுத்த பெரியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இன்னொருவரை அடித்திருந்தால் காப்புறுதி ஒரு சதமும் வராது. அந்தக் குடும்பமும் உங்கள் குடும்பமும் சேர்ந்து அழிந்திருக்கும்.

பெரிய மெசின் ஓட்டுகிறவர்களுக்கும் இரண்டு விஷயம். வயலில் வளைக்க வசதியாக இடது பிரேக், வலது பிரேக் என்று பிரித்து வைத்திருப்பீர்கள். வீதியில் ஏறுமுன் இரண்டு பெடலையும் சேர்த்துக் கொக்கியைப் போடுங்கள். போடாமல் அவசரத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் மெசின் அந்தப் பக்கம் சுழன்று கவிழும். இரண்டு பின்சில்லையும் ஒன்றாகப் பூட்டுகிற டிஃபரன்ஷியல் லொக்கையும் எடுத்துவிட வேண்டும். லொக் போட்டபடி தாரில் திருப்பினால் சில்லுக்கடை நானா சொன்ன ஏ.டி.வி.யின் கதைதான். மட்கார்டில் பிள்ளைகளை ஏற்றுவதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். எழுதினால் கோபம் வரும்.

---

குச்சவெளி டீச்சர்

தயவுசெய்து எழுதுங்கள். என் வகுப்பில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் மட்கார்டில் இருந்துதான் பள்ளிக்கூடம் வருகிறார்கள்.

---

கடற்கரைப் பயணம்

நேற்று இரவு எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்தேன். நான் எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். "ஒன்றும் நடக்கவில்லை" என்று சொன்னேன். யோசித்துப் பார்த்தால் வீதியிலிருந்து கடற்கரைப் பாதைக்குத் திருப்புகிற இடத்தில் வண்டி கொஞ்சம் தூக்குவது எனக்குத் தெரியும். நான் வழக்கத்தில் உடம்பை உள்ளே சாய்த்துக்கொள்கிறேன். வாடகைக்கு எடுப்பவர் அதைச் செய்ய மாட்டார். அவருக்கு நான் சொன்னதும் இல்லை. பிரேக்கும் அக்சிலேற்றரும் காட்டிவிட்டு அனுப்புகிறேன்.

அந்தத் திருப்பத்தில் காற்று மணலை வீதிக்கு அள்ளிப் போட்டிருக்கும். பாதி தார், பாதி மணல். இரண்டு சில்லு சறுக்கும், இரண்டு பிடிக்கும். அண்ணை சொன்னதோடு சேர்த்து யோசித்தால் அதுவும் கூடாத இடம்.

வீதியில் ஓட்டாமல் வண்டியைக் கடற்கரைக்குக் கொண்டுபோக என்ன வழி? லொறி பிடிக்க எனக்குக் கட்டாது.

---

சில்லுக்கடை

தம்பி, நீங்கள் இதை எழுதியது எனக்குப் பெரிய சந்தோஷம்.

லொறி வேண்டாம். தாழ்வான பெட்டி உள்ள உழவு மெசினில் ஏற்றலாம். பின் கதவை இறக்கி இரண்டு நல்ல பலகை, ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்குக் குறையாத அகலம், மேலே கொக்கியால் பெட்டியில் மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் ஏற்றும்போது சில்லு பலகையைப் பின்னுக்கு உதைத்துவிடும். ஏ.டி.வி.யை ஓட்டி ஏற்ற வேண்டாம், நியூட்ரலில் வைத்துக் கயிற்றால் இழுத்து ஏற்றுங்கள். உள்ளே போனதும் ஹாண்ட்பிரேக் போட்டு நான்கு மூலையும் பட்டியால் இறுக்குங்கள். நாளுக்கு ஒரு முறை கொண்டுபோய் ஒரு முறை கொண்டுவந்தால் போதும், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஏற்றி இறக்கத் தேவையில்லை. பெற்றோலைக் கானில் கொண்டுபோகாமல் ஏற்றிய வண்டியோடு செட்டுக்கே போய் அடியுங்கள்.

அதைவிட நல்லது, கடற்கரைப் பக்கம் காணி உள்ள யாரிடமாவது சீசனுக்கு ஒரு கொட்டில் வாடகைக்கு எடுத்து அங்கேயே நிறுத்துவது. இரவுக் காவலுக்கு ஒரு ஆள். சீசன் கணக்கில் பார்த்தால் பெரிய செலவில்லை.

வாடிக்கையாளருக்கு ஹெல்மெட், மூடிய சப்பாத்து. செருப்போடு ஏறவிட வேண்டாம். கால் வழுக்கிப் பின்சில்லுக்குள் போகும். ஒரு வண்டிக்கு ஒரு ஆள்.

---

தம்பலகாமம் வயற்காரன்

ரிஃப்ளெக்டர் பட்டி பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். இங்கேயே சொல்கிறேன். பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை. பெட்டியின் பின் கதவில் மட்டும் ஒட்டினால் போதாது. வைக்கோல் ஏற்றினால் கதவு மறைந்துவிடும். நான் இப்போது ஒரு நீளத் தடியில் பட்டியைச் சுற்றி, பாரம் ஏற்றிய பிறகு பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் கட்டித் தொங்கவிடுகிறேன். வண்டியின் அகலம் எவ்வளவு என்று வருகிறவனுக்குத் தெரிய வேண்டும். சேறு பட்டால் பட்டி வேலை செய்யாது, வயலால் வீதிக்கு ஏறுமுன் ஒரு துணியால் துடைக்க வேண்டும். எங்கள் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். சிலர் "எத்தனை வருடமாக ஓட்டுகிறோம்" என்றார்கள். மச்சானைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவன் எழுந்து ஒன்றும் கதைக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றினான். அதன் பிறகு 11 பேர் பெயர் கொடுத்தார்கள். ஒன்றாக வாங்குகிறோம்.

---

மெல்பேர்ன் திருமலை

அந்தப் பட்டிக்கான காசை நான் தருகிறேன். அடுத்த பெட்டிகளுக்கும் சேர்த்து. விபரம் தனியாக அனுப்புங்கள் அண்ணா.

---

அலையோரம்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக எழுத நேரம் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை சில்லுக்கடை அண்ணையிடம் போனேன். விடுதிக்காரரும் வந்தார், அதே வண்டியைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு. முதலில் வர மனமில்லாமல்தான் இருந்தார். இந்த இழையைப் போனில் காட்டிய பிறகு வந்தார். மருமகனும் ஊன்றுகோலோடு வந்து நின்றான்.

அண்ணை பின்பக்கத்தைத் தூக்கி, நியூட்ரலில் போட்டு, ஒரு சில்லைக் கையால் சுழற்றச் சொன்னார். சுழற்றினேன். மற்றதும் கூடவே சுழன்றது. பிறகு மருமகனிடம் ஒரு சில்லைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு என்னை மற்றதைச் சுழற்றச் சொன்னார். அசையவில்லை. பக்கத்தில் திருத்த வந்த ஓட்டோ ஒன்றின் பின்பக்கத்தையும் தூக்கி, கியரில் போட்டுக் காட்டினார். ஒரு சில்லை முன்னுக்குச் சுழற்ற மற்றது பின்னுக்குச் சுழன்றது.

மருமகன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அண்ணையிடம் கேட்டான்: "அப்ப நான் திருப்பினது பிழையில்லையா?" இந்த மூன்று கிழமையும் அவன் வாய் திறந்து அதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. அண்ணை அவன் தோளில் கைவைத்து, நீ சரியாகத்தான் திருப்பினாய், வண்டிக்குத்தான் தாரில் திரும்பத் தெரியாது என்றார்.

விடுதிக்காரர் அங்கேயே சாவிகளை எடுத்துக்கொண்டார். வேலைப் பெடியன்கள் யாரிடமும் இனிக் கொடுப்பதில்லை என்றார், மருமகனின் ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றியும் வந்து கதைப்பதாகச் சொன்னார். கதைக்கும்போது எழுதுகிறேன். கிண்ணியா நானா, மட்கார்ட் விஷயத்தை எழுதுங்கள். டீச்சர் காத்திருக்கிறார்.